தலைக்கு மேல் வேலை செய்பவர்களுக்கு எக்ஸோ வாங்கப்போகும் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கட்டுமான நிறுவனங்களை நடத்துபவர்கள், பாதுகாப்பு அதிகாரிகள், கருவிகள் வாங்கும் பிரிவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தூக்கிய கையின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும்படி தோளில் மாட்டிக்கொள்ளும் சட்டமான எக்ஸோஸ்கெலிடனை (சுருக்கமாக எக்ஸோ) வாங்கலாமா என்று உங்களில் பலர் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிலர் ஒன்றிரண்டை வரவழைத்துச் சோதித்தும் பார்த்துவிட்டீர்கள். நான் சீலிங் வேலைக் குழு ஒன்றின் ஃபோர்மேன். கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, ஆங்கர் அடித்து, ராடு தொங்கவிட்டு, அதில் காற்று போகும் டக்ட்டும் கேபிள் ட்ரேயும் ஸ்பிரிங்க்ளர் பைப்பும் ஏற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. நானும் அதைச் செய்துதான் வந்தேன். இப்போது பெரும்பாலும் கீழே நின்று மற்றவர்களை மேலே அனுப்புகிறேன்.

இது எதிர்ப்புக் கடிதம் இல்லை. வாங்குங்கள். எங்கள் ஆட்களில் கையைத் தூக்கவே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எந்த உதவி வந்தாலும் நல்லதுதான். ஆனால் வாங்குவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை முடிவு செய்து, எழுத்திலும் வைத்துவிடுங்கள்: அந்தக் கருவி மிச்சப்படுத்தும் தெம்பு யாருக்குச் சேரும்? அது வேலை செய்பவரின் உடம்பிலேயே தங்க வேண்டும், கூடுதல் ஓட்டைகளாக மாறி உங்கள் கணக்கில் ஏறக்கூடாது. நான் கேட்பது இதைத்தான். ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் என்று விளக்கத்தான் இத்தனை பக்கம்.

முதலில் தோளைப் பற்றிக் கொஞ்சம். மனிதனின் ஒரு கை, தோளிலிருந்து விரல்வரை, உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 70 கிலோ ஆளுக்கு ஒரு கை 3.5 கிலோ வரும். டிரில்லைத் தொடுவதற்கு முன்பே, இரண்டு கையையும் தூக்கினால் 7 கிலோவைத் தூக்கியாகிவிட்டது. கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் அதன் எடை தோள்மூட்டிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தள்ளி நின்று கீழே இழுக்கிறது. அந்தக் கையில் 3 கிலோ டிரில் இருந்து, அது தோளிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால், டிரில் தரும் சுமை கையே தரும் சுமையைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இவ்வளவையும் தாங்கும் தசையோ மூட்டிலிருந்து சில செ.மீ. தூரத்தில்தான் எலும்பைப் பிடித்திருக்கிறது. அதனால் வெளியே தெரியும் எடையைப்போலப் பல மடங்கு விசையோடு அது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முழங்கையை மடக்கினால், கருவியை உடம்புக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் குறையும். அனுபவமுள்ளவர்கள் யாரும் சொல்லித்தராமலே அப்படித்தான் நிற்பார்கள்.

எடை ஒரு பக்கம் இருக்கட்டும், அசையாமல் பிடித்திருப்பதுதான் இதைவிட மோசம். தசை சுருங்கியே இருந்தால் அதற்குள் ஓடும் இரத்தக் குழாய்கள் நசுங்குகின்றன, கழிவு வெளியேறுவதில்லை. ஜெர்மானிய உடலியல் ஆய்வாளர் ரோமெர்ட் 1960-இல் இதை அளந்தார். ஒரு தசை தன் முழு வலுவில் சுமார் 15 சதவீதத்துக்குள் வேலை செய்தால் நெடுநேரம் தாங்கும், அதைத் தாண்டினால் தாங்கும் நேரம் மளமளவென்று குறையும் என்பது அவர் கணக்கு. அந்த 15 கூட அதிகம், மணிக்கணக்கில் பிடித்தால் அதற்குக் கீழேயும் தசை களைத்துவிடும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். இதோடு தோளுக்கே உரிய ஒரு நெருக்கடியும் உண்டு. தோளைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகளில் ஒன்றின் தசைநார், தோள்பட்டை எலும்பின் மேல்முனைக்கு அடியில் இருக்கும் குறுகிய இடைவெளி வழியாகப் போகிறது. கையைத் தூக்கத் தூக்க அந்த இடைவெளி குறுகுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி வேலை செய்தவர்களுக்கு இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, எக்ஸோ இதில் என்ன செய்கிறது? மேசை விளக்கின் மடக்குக் கையை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விளக்கின் எடையைச் சமன் செய்துவிடுகிறது. தோள் எக்ஸோவும் அதே வித்தைதான். மேல்கைக்கு அடியில் ஒரு பிடி, அதைத் தூக்கும் ஸ்பிரிங் அல்லது மீள்பட்டை, அங்கிருந்து முதுகு வழியாக இடுப்பு பெல்ட்டுக்கு ஒரு சட்டம். கையின் எடையில் ஒரு பங்கு தோள்மூட்டைச் சுற்றிக்கொண்டு இடுப்பெலும்பில் போய் இறங்குகிறது. கட்டுமானத்துக்கென்று இப்போது விற்பவற்றில் பெரும்பாலானவற்றில் பேட்டரியும் இல்லை, மோட்டாரும் இல்லை. 1960-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் ‘ஹார்டிமேன்’ என்று ஒரு இயந்திர உடையைச் செய்து பார்த்தது. அதன் எடை மட்டும் ஏறக்குறைய 680 கிலோ, ஒழுங்காக இயங்கியது ஒரு கைதான். கட்டுமானக் கருவிகள் செய்யும் ஹில்டி நிறுவனம், செயற்கைக் கை கால்கள் செய்வதில் பேர்போன ஆட்டோபாக்கோடு சேர்ந்து 2020-இல் கட்டுமான ஆட்களுக்காகக் கொண்டுவந்த எக்ஸோ சுமார் 2 கிலோதான். முன்னேற்றம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை.

ஆய்வகத்தில் தசையின் மின் செயல்பாட்டை அளந்து பார்த்தால், எக்ஸோ போட்ட ஆளின் தோள் தசை தெளிவாகக் குறைவாக உழைக்கிறது. எவ்வளவு குறைவு என்பது செய்யும் வேலை, கையின் கோணம், ஸ்பிரிங் வைத்திருக்கும் அளவு இவற்றைப் பொறுத்தது. அதே சமயம், பல ஆண்டுகள் ஆட்களைப் பின்தொடர்ந்து தோள் காயங்கள் குறைந்தனவா என்று பார்த்த ஆய்வுகள் மிகவும் குறைவு. விற்பனையாளர் காட்டும் படத்தில் முதல் விஷயம் பெரிய எழுத்தில் இருக்கும், இரண்டாவது இருக்காது. களைப்பு குறைவது ஒன்று, காயம் குறைவது இன்னொன்று. முதலாவது இரண்டாவதாக மாறுமா என்பது சைட்டில் நீங்கள் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இதே கதையின் முதல் பாகத்தை நான் பார்த்திருக்கிறேன். முன்பு ஒரு சைட்டில் கனமான, ஒயர் இழுத்துக்கொண்டு அலையும் பழைய டிரில்களுக்குப் பதிலாக லேசான பேட்டரி டிரில்கள் வந்தன. ஆட்களுக்கு ஏக சந்தோஷம். சாயங்காலம் இறங்கும்போது முகத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அந்த வித்தியாசம் சூப்பர்வைசருக்கும் தெரிந்தது. ‘இப்போதுதான் சுலபமாகிவிட்டதே’ என்று நாளைக்கு இத்தனை ஓட்டை என்ற கணக்கை ஏற்றினார்கள். சில வாரம் கழித்து மறுபடியும் ஏற்றினார்கள். அந்தத் தளம் முடிவதற்குள் ஆட்கள் பழையபடி தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்கள். டிரில் மீது தவறில்லை. அது தந்த மிச்சத்தை யார் எடுத்துக்கொள்வது என்று யாரும் பேசவே இல்லை. பேசாவிட்டால் அது தானாக ஒரே திசையில்தான் ஓடும்.

எக்ஸோ விஷயத்தில் இது இன்னும் மோசமாக முடியும். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எக்ஸோ ஒவ்வொரு ஓட்டைக்கும் தோளின் உழைப்பை 30 சதவீதம் குறைக்கிறது. நீங்கள் ஓட்டைகளின் எண்ணிக்கையை 40 சதவீதம் கூட்டுகிறீர்கள். 0.7-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 0.98. தோளுக்கு எக்ஸோ வருவதற்கு முன்பு இருந்த நிலைமையேதான். ‘சரி, அவருக்கு நஷ்டமில்லையே, எங்களுக்கு வேலை கூடுதலாக நடந்ததே’ என்று நீங்கள் கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது, அது தோளில் மட்டும் இல்லை. எக்ஸோ தொடாத உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அந்த 40 சதவீதம் அப்படியே போய்ச் சேருகிறது.

கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பார்த்துக்கொண்டே வேலை செய்பவர் தலையைப் பின்னால் சாய்த்தபடி நிற்கிறார். தோள் எக்ஸோ அதில் ஒன்றும் செய்வதில்லை, கழுத்தைத் தாங்க வேறு கருவிதான் வேண்டும். கை களைக்காததால் முன்பு நடுவில் கையை இறக்கி உதறிக்கொள்ளும் ஆள் இப்போது இறக்காமல் தொடர்வார். கை இறங்கும்போதுதான் கழுத்தும் இறங்கும். இப்போது அதற்கு அந்த இடைவேளையும் கிடைப்பதில்லை. களைப்பு என்பது உடம்பு கொடுக்கும் மணி. ஒரு உறுப்பில் அந்த மணியை அடக்கிவிட்டால் மற்ற உறுப்புகளுக்கும் சேர்த்துத்தான் அது அடங்கிப்போகிறது. ஆய்வகத்தில் கால் மணி நேரம் நடக்கும் சோதனையில் இது தெரியாது, எட்டு மணி நேர ஷிஃப்டில்தான் தெரியும்.

அப்புறம் அதிர்வு. கான்கிரீட்டைத் துளைக்கும் ஹேமர் டிரில்லின் அதிர்வு கைப்பிடி வழியாக விரலுக்கும் மணிக்கட்டுக்கும் போகிறது. எக்ஸோ மேல்கையைத்தான் தாங்குகிறது, கைப்பிடியில் நடப்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு விதிப்படி, எட்டு மணி நேர சராசரி அதிர்வு 2.5 மீ/வி² தொட்டால் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. 10 மீ/வி² அதிரும் ஒரு டிரில்லை ஓட்டினால் அரை மணி நேரத்தில் முதல் கோட்டையும் 2 மணி நேரத்தில் இரண்டாவது கோட்டையும் தொட்டுவிடலாம். இது டிரில் உண்மையில் சுற்றிக்கொண்டிருக்கும் நேரம் மட்டும், சைட்டில் இருக்கும் நேரம் இல்லை. முன்பு தோள் வலியே ஆளை நிறுத்திவைத்தது. நல்ல வழி இல்லைதான், ஆனாலும் விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு அவர் போகாமல் அது தடுத்தது. தோள் வலியை எடுத்துவிட்டு எண்ணிக்கையைக் கூட்டினால் அடுத்து வரிசையில் நிற்பது விரல்கள். சிமென்ட் தூசி, அதிலிருக்கும் சிலிக்கா, டிரில்லை மேலே அழுத்தும்போது காலுக்கும் கீழ்முதுகுக்கும் இறங்கும் விசை எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஸ்பிரிங் கையைத் தூக்கிப் பிடிக்குமே தவிர, கான்கிரீட்டுக்குள் பிட்டைத் தள்ளும் வேலையைப் பெரும்பாலும் உடம்புதான் செய்கிறது.

ஆகவே எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள் என்று நான் கேட்பதை இரக்கம் காட்டச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எக்ஸோவால் லாபம் வருவதாக இருந்தால், அது இந்த ஒரு நிபந்தனையில்தான் வரும். கூட்டினால் நீங்கள் வாங்கியது தோள் வலியைக் கழுத்துக்கும் விரலுக்கும் மாற்றிக்கொடுக்கும் ஒரு கருவி.

கார் தொழிற்சாலைகளில் வெற்றி பெற்றதே என்று சொல்வீர்கள். பெற்றது. ஃபோர்டு நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் இரண்டு ஆலைகளில் எக்ஸோ பயோனிக்ஸ் என்ற நிறுவனம் செய்த தோள் உடையைச் சோதித்தது, 2018-இல் 7 நாடுகளில் 15 ஆலைகளுக்கு விரித்தது. காருக்கு அடியில் நின்று வேலை செய்யும் சிலர் நாளொன்றுக்குச் சராசரியாக 4,600 முறை கையைத் தூக்குகிறார்கள் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. ஆனால் அங்கே தரை சமம். கார் ஒரே உயரத்தில் வருகிறது. ஆள் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்கிறார். அவருக்கு ஸ்பிரிங்கை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் நாள் முழுக்க அதுவே போதும். எங்கள் ஆள் காலையில் சிசர் லிஃப்ட் மேல் நின்று துளைப்பார், பிறகு இறங்கிக் குனிந்து ராடு வெட்டுவார், பைப்பைத் தோளில் தூக்கிப்போவார், சாரத்தின் குறுக்குக் கம்பிக்கு அடியில் நுழைவார், மறுபடி ஏறுவார். கை மேலே இருக்கும்போது உதவும் ஸ்பிரிங், கை கீழே வர வேண்டிய வேலைக்கு எதிரி. இடுப்பில் இருக்கும் சுத்தியலை எடுக்கக் கையை இறக்கினால் ஸ்பிரிங்கை எதிர்த்துத்தான் இறக்க வேண்டும், அதற்கு வேறு தசைகள் உழைக்கின்றன. ஏற்ற இறக்கம் அதிகமுள்ள வேலையில் எக்ஸோவைப் போட்டு வைத்திருப்பதே தொந்தரவு. தொழிற்சாலை முடிவை அப்படியே சைட்டுக்குத் தூக்கி வராதீர்கள்.

இன்னொன்று, இது ஹெல்மெட் மாதிரி கட்டாயமாக்கும் பொருள் இல்லை. ஹெல்மெட் எந்த வேலையிலும் தலையைக் காக்கும். எக்ஸோ சில வேலைக்கு நல்லது, சில வேலைக்குச் சும்மா, சில வேலைக்கு ஆபத்து. பாதுகாப்புச் சாதனம் என்று பட்டியலில் சேர்த்துக் கட்டாயமாக்கிவிட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நாளை ஒருவருக்குத் தோள் பிய்ந்துபோனால் முதல் கேள்வி ‘எக்ஸோ போட்டிருந்தாயா?’ என்றுதான் இருக்கும். வேலை எப்படி அமைந்திருந்தது, ஏன் அவ்வளவு நேரம் மேலே நின்றார் என்ற கேள்வி அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். போட வேண்டாம் என்று காரணம் சொல்லாமலே மறுக்கும் உரிமை ஆளுக்கு இருக்க வேண்டும். மறுத்ததை யாரும் எங்கும் குறித்துவைக்கக்கூடாது.

உயரத்தில் இருப்பவர்களுக்கு இதில் உயிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. விழும்போது தாங்கும் ஹார்னஸ், உடம்போடு ஒட்டி, குறிப்பிட்ட இடங்களில் விசையை வாங்கும்படி செய்யப்பட்டது. அதற்கும் உடம்புக்கும் நடுவில், அல்லது அதற்கு மேல், ஒரு சட்டமும் பெல்ட்டும் வந்தால் அந்த விசை எங்கே போகும்? இன்ன எக்ஸோவோடு இன்ன ஹார்னஸைப் போடலாம் என்று இரண்டையும் செய்தவர்கள் எழுத்தில் தராதவரை உயரத்தில் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்லாதீர்கள். ‘மேலாக மாட்டிக்கொள், ஒன்றும் ஆகாது’ என்று சைட்டில் யாராவது சொல்வார்கள். அதை நம்பி ஆளை மேலே ஏற்ற மாட்டேன். முதுகில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் கம்பியிலும் லிஃப்ட் கைப்பிடியிலும் மாட்டிக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

இப்போது எனக்கே பிடித்த கேள்விக்கு வருகிறேன். அந்தக் கை ஏன் மேலே போக வேண்டும்? வேலையிட ஆபத்தைக் குறைக்கும் வழிகளுக்கு ஒரு வரிசை இருப்பது பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தெரியும்: முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்வது, பிறகு வேறொன்றால் மாற்றுவது, பொறியியல் ஏற்பாடு, வேலை முறையை மாற்றுவது, கடைசியில் ஆள் உடம்பில் மாட்டும் சாதனம். எக்ஸோவை எந்தப் பெயரில் வாங்கினாலும் அது ஆள் உடம்பில் மாட்டுவதுதான். கடைசிப் படியில் இருந்து தொடங்கும் வழக்கம் நம் தொழிலுக்கு உண்டு. காரணம் சுலபம்: கடைசிப் படிக்குப் பில் போட்டால் போதும், முதல் படிக்கு வரைபடம் போடும்போதே யோசிக்க வேண்டும்.

தளம் போடும் முன்பே சென்ட்ரிங் பலகை மீது, ராடைப் பிடிக்கும் மரையுள்ள இன்செர்ட்டுகளை ஆணியடித்து வைத்துவிட்டுக் கான்கிரீட் ஊற்றினால், பின்னால் அந்த ஓட்டைகளை யாரும் மேலே பார்த்துத் துளைக்க வேண்டாம். ராடை முறுக்கி ஏற்றினால் போதும். டக்ட், பைப், ட்ரே மூன்றையும் ஒரே சட்டத்தில் தரையில், இடுப்பு உயரத்தில் வைத்துப் பூட்டி, மொத்தமாக லிஃப்டில் தூக்கி மாட்டலாம். இதற்கெல்லாம் டிசைன் பிரிவும் சர்வீஸ் குழுக்களும் ஆரம்பத்திலேயே ஒரே மேசையில் உட்கார வேண்டும், அதுதான் நடப்பதில்லை. கான்கிரீட் ஊற்றிய பிறகு டக்ட் வழி மாறும், இன்செர்ட் எல்லாம் வீணாகும், கடைசியில் டிரில்லைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஆள் ஏறுவார். மேலே போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு தாமதமான முடிவு இருக்கிறது என்று நான் கோபத்தில் சொல்வதுண்டு. கொஞ்சம் மிகைதான், ரொம்ப மிகை இல்லை.

துளைத்தே ஆக வேண்டுமென்றால், ஆளின் கையில் இல்லாமல் தரையில் ஊன்றும் நிலையில் டிரில்லை மாட்டிக் கீழிருந்து நெம்புகோலால் ஏற்றலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ரெம்பல் குழுவினர் இப்படி ஒரு தலைகீழ் டிரில் ஸ்டாண்டைக் கட்டுமான ஆட்களிடமே கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைத் திருத்தித் திருத்தி உருவாக்கினார்கள். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் 2007-இல் கட்டுமானத் தொழிலாளர்களுக்காக வெளியிட்ட கையேட்டில் டிரில்லுக்கும் ஸ்க்ரூ கன்னுக்கும் நீள ஷாஃப்ட் மாட்டி இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் பிடித்து வேலை செய்யும் வழி இருக்கிறது. எளிமையான சாமான், எந்த மாயமும் இல்லை. இன்று எத்தனை சைட்டில் அது இருக்கிறது? பெரிய சைட்டுகளுக்கு, வரைபடத்தைப் பார்த்துத் தானே துளைக்கும் ஜெய்பாட் என்ற ரோபோவையும் ஹில்டி 2020-லேயே அறிவித்தது. ஜிப்சம் பலகையை ஏற்றிப் பிடிக்கத் தனிக் கருவி இருக்கிறது. 25 கிலோ பலகையை இரண்டு பேர் தலையில் தாங்கிக்கொண்டு, மூன்றாமவர் ஸ்க்ரூ போடும்வரை நிற்கும் காட்சிக்கு இனி அவசியமே இல்லை.

இதெல்லாம் செய்த பிறகும் மிச்சம் இருக்கும். பழைய கட்டடத்தில் குறுகிய இடம், ஸ்டாண்ட் நிற்காத மூலை, பெயின்ட், பட்டி தேய்ப்பது, ஒயர் இணைப்பது. அந்த மிச்சத்துக்குத்தான் எக்ஸோ. அங்கே அது அருமையான கருவி. அசையாமல் ஒரே மட்டத்தில் நெடுநேரம் கை தூக்கி நிற்கும் பட்டி தேய்க்கிறவருக்கும் பெயின்டருக்கும், ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் எங்களைவிட அது அதிகம் உதவும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சோதனையை எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் அவர்களிடம் தொடங்குங்கள் என்பேன்.

சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விற்பவர் வந்து பத்து நிமிடம் மாட்டிக் காட்டினால் எல்லோருக்கும் பிடிக்கும். கை மிதக்கிறது, சிரிப்பு வருகிறது, போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதை வைத்து வாங்காதீர்கள். முதல் நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் போடச் சொல்லி, உடம்பு பழகப் பழக நேரத்தைக் கூட்டி, சில வாரம் ஓடவிடுங்கள். குட்டையானவர், பருமனானவர், பெண்கள், வயதானவர் என்று எல்லா உடம்பும் அதில் இருக்கட்டும். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பின் மேல் உட்காராமல் வயிற்றில் ஏறினாலோ, மூட்டு இருக்கும் இடத்தோடு கருவியின் மூட்டு பொருந்தாவிட்டாலோ அந்த ஆளுக்கு அது வெறும் 2 கிலோ பாரம். ஷிஃப்ட் முடிந்ததும் தோள் மட்டுமில்லாமல் கழுத்து, மணிக்கட்டு, கீழ்முதுகு, இடுப்பு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு சிரமம் என்று, சிரமத்தை ஆளே எண்ணால் சொல்லும் போர்க் அளவுகோலின்படி 0 முதல் 10 வரை கேளுங்கள். வேர்வையில் தோல் உரசியதா என்றும் கேளுங்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்காதபோது கேளுங்கள். சோதனை நடக்கும் வாரங்களில் எண்ணிக்கையை முன்பு இருந்த அளவிலேயே வைத்திருங்கள், இல்லாவிட்டால் எதை அளந்தோம் என்றே தெரியாமல் போகும். வாங்கிய பிறகு ஒருவர் வேர்வையில் ஊறிய பட்டையை இன்னொருவர் மாட்டும் நிலை வேண்டாம். உடம்பில் படும் பாகங்களாவது ஆளுக்கு ஒன்று இருக்கட்டும்.

தோள் காயத்தோடு வீட்டில் இருப்பவரை ‘எக்ஸோ இருக்கிறது, வந்துவிடு’ என்று சீக்கிரம் கூப்பிடவும் இதைப் பயன்படுத்தாதீர்கள். திரும்பி வரும் நாளை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

எக்ஸோக்களுக்கான தரநிலைகளை உருவாக்க ஏஎஸ்டிஎம் அமைப்பு 2017-லேயே தனிக் குழு ஒன்றை அமைத்துவிட்டது. கருவியைச் செய்பவர்கள் பக்கம் விதிகள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. பயன்படுத்தும் பக்கத்து விதியை நீங்கள்தான் எழுத வேண்டும், அதில் இவை இருக்கட்டும் என்று கேட்கிறேன். எக்ஸோ வந்ததைக் காரணம் காட்டி எந்தக் குழுவின் அன்றாட இலக்கும் உயராது, உதவியாள் எண்ணிக்கை குறையாது. தலைக்கு மேல் வேலைக்கு ஆட்களை மாற்றி மாற்றி விடுவதும் நடுவில் இறங்கி ஓய்வெடுப்பதும் முன்பு இருந்தபடியே தொடரும். டிரில் ஓடும் நேரத்துக்கு அதிர்வுக் கணக்குப்படி வைத்த வரம்பு, தோள் எவ்வளவு தெம்பாக இருந்தாலும் மாறாது. போடுவதும் கழற்றுவதும் ஆளின் விருப்பம். எக்ஸோ கேட்டு வரும் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும், இந்த வேலையை ஏன் கீழிருந்தோ முன்கூட்டியோ செய்ய முடியவில்லை என்று டிசைன் பிரிவு ஒரு பத்தி எழுதித் தர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் உங்களிடமிருந்து அதிக முணுமுணுப்பு வரும் என்று எதிர்பார்க்கிறேன்.

வாங்கும் ஆணையில் கையெழுத்துப் போடும் முன்பு சீலிங் குழுக்களிலிருந்து இரண்டு மூன்று பேரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். வேலை நேரத்திலேயே கூப்பிடுங்கள், அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காமல். எங்கள் குழுவிலிருந்து வரத் தயாராக இருக்கிறார்கள், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
சீலிங் வேலைக் குழு ஃபோர்மேன் ஒருவர்